எடை மெஷினுக்குத் தெரியாத இதயம்

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குப் புறப்படும் பேருந்து, கச்சிராயபாளையம் வரை கரும்பு, நெல், மக்காச்சோள வயல்களுக்கு நடுவே சமதளத்தில் ஓடும். கோமுகி அணைப் பக்கம் வந்த பிறகு சாலை மேல்நோக்கித் திரும்புகிறது. கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குகின்றன. மேலே, 2000 முதல் 3000 அடி உயரத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக விரிந்து கிடக்கிறது கல்வராயன் மலை. மரவள்ளிக் காடுகள், சாமையும் தினையும் விளையும் கொல்லைகள், அவற்றினூடே சிதறிக் கிடக்கும் மலையாளிப் பழங்குடியினரின் சிற்றூர்கள். 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து செயல்படத் தொடங்கிய கள்ளக்குறிச்சி மாவட்டம், இந்தச் சமவெளியையும் மலையையும் ஒரே எல்லைக்குள் வைத்திருக்கிறது.

பிள்ளைகளின் இதயத்தைப் பற்றிப் பேச இதைவிடத் தோதான நிலம் கிடைப்பது அரிது.

கீழே நகரத்தில் எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பையனை எடுத்துக்கொள்வோம். பள்ளி வேன் வாசலுக்கே வருகிறது. மாலையில் அதே வேன் இறக்கிவிடுகிறது. பிறகு டியூஷன், அதற்குப் பிறகு செல்போன். மலையில் அதே வயதுப் பையனுக்குப் பள்ளிக்கூடமும் ரேஷன் கடையும் கொல்லையும் தண்ணீரும் ஆளுக்கொரு திசையில் இருக்கின்றன; எதற்குப் போனாலும் ஒரு ஏற்றம், ஒரு இறக்கம். இருவரையும் எடை மெஷினில் நிறுத்தினால் முள் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கக்கூடும். இருவரும் ஒல்லி. இருவருக்கும் எந்த நோயும் இல்லை. ஆனால் மைதானத்தைச் சுற்றி ஓடச் சொன்னால் வித்தியாசம் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். யார் முதலில் இடுப்பில் கைவைத்து நின்றுவிடுகிறான் என்பது இதயம், நுரையீரல், ரத்தம், தசை நான்கும் சேர்ந்து கொடுக்கும் பதில்.

மாரடைப்பு ஐம்பது வயதுக்காரர்களின் கவலை என்ற நினைப்பு நம்மிடம் இன்னும் போகவில்லை. அந்த நினைப்பு மருத்துவ உலகில் உடைந்து எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்கப் படைவீரர்களின் உடல்களைக் கூறாய்வு செய்த மருத்துவர்கள், 1953-இல் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். இறந்தவர்களின் சராசரி வயது 22. அவர்களில் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டோரின் இதயத் தமனிகளில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் கொழுப்புப் படிவு இருந்தது. போருக்குத் தேர்வான திடகாத்திரமான இளைஞர்கள் அவர்கள்.

அப்படியானால் அது எப்போது தொடங்கியது? அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்தில் பொகலூசா என்ற சிறு நகரத்தில் மருத்துவர் ஜெரால்ட் பெரன்சன் 1973-இல் தொடங்கிய ஆய்வு அதற்கு விடை தேடியது. ஊர்ப் பிள்ளைகளின் ரத்த அழுத்தம், கொழுப்பு, எடை ஆகியவற்றை ஆண்டுக்கணக்கில் அளந்துகொண்டே வந்தார்கள். விபத்து முதலான காரணங்களால் இளம் வயதில் இறந்தவர்களின் தமனிகளையும் ஆராய்ந்தார்கள். வாய்க்கால் கரையில் படியும் மெல்லிய வண்டலைப் போல, மஞ்சள் நிறக் கொழுப்புக் கீற்றுகள் பள்ளி வயதிலேயே பெருந்தமனியில் தோன்றிவிடுவது தெரிந்தது. ரத்த அழுத்தம், கொழுப்பு, எடை, புகை என்று எத்தனை கேடுகள் ஒரே உடலில் கூடுகின்றனவோ அந்த அளவுக்குக் கீற்றுகளும் கூடியிருந்தன. ஆகவே பதின்வயதில் ரத்தக்குழாய்க்கு என்ன நடக்கிறது என்பது, நாற்பது ஆண்டு கழித்து மாரடைப்பு வார்டில் தெரியவரும் சங்கதியின் முதல் அத்தியாயம்.

இங்கேதான் ஓட்டமும் நடையும் நுழைகின்றன. ரத்தக்குழாயின் உட்புறத்தில் ஒரே ஒரு செல் கனத்தில் ஒரு படலம் இருக்கிறது. உடல் உழைக்கும்போது ரத்தம் வேகமாகப் பாய்கிறது. அந்தப் பாய்ச்சல் படலத்தை உரசுகிறது. உரசலை உணர்ந்த செல்கள் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரக்கின்றன. குழாய் தளர்ந்து விரிகிறது, ரத்தத் தட்டுகள் ஒட்டிக்கொள்வது குறைகிறது, அழற்சி அடங்குகிறது. இந்த எளிய வாயு உடலுக்குள் செய்திக்காரனாக வேலை செய்வதைக் கண்டுபிடித்த மூவருக்கு 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது. நாள்தோறும் ஓடியாடும் பிள்ளையின் குழாய்களுக்கு இந்தப் பயிற்சி நாள்தோறும் கிடைக்கிறது. உட்கார்ந்தே இருக்கும் பிள்ளைக்குக் கிடைப்பதில்லை.

இதயமும் பழக்கத்துக்கு ஏற்ப வளர்கிறது. தொடர்ந்து மூச்சு வாங்க உழைப்பவரின் இடது கீழறை சற்று விசாலமாகி, ஒரு துடிப்பில் கூடுதல் ரத்தத்தை வெளியேற்றுகிறது. அதனால் ஓய்வில் இருக்கும்போது துடிப்பு எண்ணிக்கை குறைகிறது. இதயம் தன் வேலையை நிதானமாக முடித்துவிடுகிறது. தசைகளில் நுண்குழாய்களும், ஆற்றலைத் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாக்களும் பெருகுகின்றன. இத்தனையையும் சேர்த்து ஒரே எண்ணில் சொல்லும் அளவு ஒன்று உண்டு. உச்சகட்ட உழைப்பில் ஒரு கிலோ உடல் எடைக்கு நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் ஆக்சிஜனை உடலால் பயன்படுத்த முடிகிறது என்பதே அது. அதை ஆக்சிஜன் எண் என்போம். 9000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் தரவுகளைத் திரட்டி 2016-இல் வெளியான ஒரு பகுப்பாய்வு, பையன்களுக்கு 42, பெண்களுக்கு 35 என்ற கோட்டைப் போட்டது. அதற்குக் கீழே இருந்தால் இதயநோய்க்கான அபாயக் கூறுகள் கூடி நிற்க வாய்ப்பு அதிகம். பாதியளவு பரம்பரையாக வருவது என்றாலும், மீதியைப் பழக்கம் தீர்மானிக்கிறது.

இந்த எண்ணுக்கும் பிற்கால மாரடைப்புக்கும் உள்ள தொடர்பை ஸ்வீடன் நாட்டுக்காரர்கள் பெரிய அளவில் பார்த்தார்கள். அங்கே கட்டாய ராணுவச் சேவைக்காக 18 வயது இளைஞர்களை நிலையான சைக்கிளில் ஏற்றி, மூச்சு முட்டும் வரை மிதிக்கவிட்டு அளப்பது வழக்கம். அப்படி அளக்கப்பட்ட 7,43,498 பேரைச் சுமார் 34 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். மிகக் குறைந்த திறன் கொண்டிருந்தவர்களுக்கு, மிக உயர்ந்த திறன் கொண்டிருந்தவர்களைவிட மாரடைப்பு அபாயம் இரண்டு மடங்குக்குச் சற்று அதிகம். அதே ஆய்வில் இன்னொரு சேதியும் உண்டு. நல்ல திறன் இருந்தும் பருமனாக இருந்தவர்களுக்கு, திறன் குறைந்த ஒல்லியானவர்களைவிட அபாயம் கூடுதலாகவே இருந்தது. ஓடினால் போதும், எடை எப்படி இருந்தால் என்ன என்று சொல்லிவிட முடியாது.

இத்தகைய ஆய்வுகளில் ஒரு சிக்கலும் இருக்கிறது. அதே ஸ்வீடனில் உப்சலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025-இல் சுமார் 11 லட்சம் பேரின் பதிவுகளைக் கொண்டு ஒரு குறும்பான சோதனையைச் செய்தார்கள். இளவயதில் திறன் மிகுந்தவர்கள் இதயநோயால் மட்டுமல்ல, விபத்தாலும் குறைவாகவே இறந்திருக்கிறார்களா என்று பார்த்தார்கள். ஆமாம், விபத்துச் சாவும் ஏறக்குறையப் பாதியாக இருந்தது! ஓட்டத்திறன் ஒருவரைச் சாலை விபத்திலிருந்து காப்பாற்றும் என்று யாரும் நம்பமாட்டார்கள். குடும்பச் சூழல், படிப்பு, வசதி எல்லாம் சேர்ந்துதான் சிலரைத் திறனுள்ளவர்களாகவும் நீண்ட ஆயுள் உள்ளவர்களாகவும் ஆக்கியிருக்கின்றன. ஓட்டத்தின் பங்கைத் தனியே பிரித்தால் அது முன்பு நினைத்த அளவுக்குப் பெரிதாக இராது. கணக்கைப் பெரிதாக்கிச் சொல்லும் உடற்பயிற்சி விளம்பரங்களுக்கு இது நல்ல குட்டு.

ஆனாலும் ஓட்டத்துக்குப் பங்கே இல்லை என்று ஆகிவிடாது. ஹாங்காங்கில் 9 முதல் 12 வயது வரையிலான, எடை கூடிய 82 பிள்ளைகளை இரு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு உணவுக் கட்டுப்பாடு மட்டும்; இன்னொன்றுக்கு உணவுக் கட்டுப்பாட்டோடு உடற்பயிற்சியும். ஆறே வாரத்தில் இரு குழுவிலும் ரத்தக்குழாய் விரியும் திறன் மேம்பட்டது. பயிற்சி செய்தவர்களிடம் முன்னேற்றம் கூடுதல். ஓராண்டு தொடர்ந்தவர்களுக்குக் கழுத்துத் தமனிச் சுவரின் கனமும் குறைந்தது. குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த சோதனை என்பதால் வசதி, வளர்ப்பு என்ற சாக்கு இங்கே செல்லாது. பிள்ளையின் ரத்தக்குழாய் திருந்தக்கூடியது, அதுவும் சில வாரங்களில் என்பதற்கு இது நேரடிச் சான்று.

தொடக்கத்தில் பார்த்த இரு பையன்களிடம் திரும்புவோம். அவர்களுக்கு இடையே உள்ளது போன்ற வேறுபாட்டை அளந்து பார்த்த இடம் ஒன்று உண்டு. கென்யாவின் மேற்குப் பகுதியில் நண்டி என்ற இனக்குழு வாழ்கிறது. உலகின் நெடுந்தூர ஓட்டச் சாம்பியன்கள் பலரைக் கொடுத்த கலென்ஜின் மக்களின் ஒரு பிரிவு. அந்த இனத்தைச் சேர்ந்த, எந்தப் பயிற்சியும் பெறாத, 16 வயதை ஒட்டிய பையன்களை டென்மார்க் ஆய்வாளர்கள் ஊரில் ஒரு கூட்டமும் நகரத்தில் ஒரு கூட்டமுமாக எடுத்து அளந்தார்கள். ஊர்ப் பையன்களின் ஆக்சிஜன் எண் சராசரியாக 55. நகரப் பையன்களுக்கு 50. ஒரே இனம், ஒரே பரம்பரை. ஊரில் வளர்ந்தவர்கள் வயலில் உழைத்தார்கள், மாடு மேய்த்தார்கள், பள்ளிக்கு நடந்தும் ஓடியும் போனார்கள். நகரத்தில் வளர்ந்ததற்குப் பிள்ளைகள் கொடுத்த விலை அந்த ஐந்து.

ஏற்றத்துக்கென்று தனிக் கணக்கும் இருக்கிறது. மலையேறும் நடைக்கு ஆகும் ஆற்றல், சமதள நடைக்கு ஆவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. சமதளத்தில் பேசிக்கொண்டே நடக்கும் பிள்ளை, ஏற்றத்தில் பேச்சை நிறுத்திவிட்டு மூச்சைக் கவனிக்கிறது; இதயத்துக்குப் பயிற்சி தொடங்கும் இடம் அது. இறக்கம் சும்மா வருவது என்று தோன்றும், அதுவும் தப்பு. ஆஸ்திரியாவில் ஹைன்ஸ் டிரெக்செல் என்ற மருத்துவர், அதிகம் அசையாத பெரியவர்களை ஆல்ப்ஸ் மலையில் ரோப் காரின் உதவியோடு நடக்கவிட்டார். இரண்டு மாதம் ஏறி மட்டும் நடந்து, இறங்க ரோப் கார். இன்னொரு இரண்டு மாதம் ரோப் காரில் ஏறி, நடந்து இறங்குதல். ஏற்றம் ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பைக் குறைத்தது. இறக்கம், சர்க்கரையைக் கையாளும் திறனை உயர்த்தியது. கெட்ட கொழுப்பை இரண்டுமே குறைத்தன. ரோப் காருக்கு வழியில்லாத கல்வராயன் பிள்ளைகள் தினமும் இரண்டையும் செய்கிறார்கள்.

இதைச் சொன்னவுடன், மலைக்குச் சாலை போடாமல் விட்டால் பிள்ளைகள் ஆரோக்கியமாக இருப்பார்கள் என்று யாராவது முடிவுக்கு வந்தால் அது கொடுமை. 1976-இல் அரசு தன் வசம் எடுக்கும் வரை இந்த மலை ஜாகிர்தார்களின் கையில் இருந்தது. சாலையும் மின்சாரமும் மருத்துவமும் மற்ற ஊர்களைவிடப் பிந்தித்தான் வந்தன. மலை மக்களின் வாழ்நிலை பற்றி 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்து விசாரிக்கும் அளவுக்குக் குறைகள் இருந்தன. பாம்பு கடித்தவரையும் பிரசவ வலியில் துடிப்பவரையும் தொட்டில் கட்டித் தூக்கிவருவதற்கு எந்த ஆரோக்கியக் காரணமும் சொல்ல முடியாது. சாலை வரட்டும், பேருந்து வரட்டும், 108 வரட்டும். அவற்றோடு பிள்ளைகளின் நடை போய்விடும் என்பதையும், போன இடத்தில் வேறொன்றை வைக்க வேண்டும் என்பதையும் பள்ளிகள் நினைவில் வைத்திருந்தால் போதும்.

ஏனென்றால் நடை ஏற்கெனவே போய்க்கொண்டுதான் இருக்கிறது. அண்ணனின் பைக்கில் மூன்று பேராகப் பள்ளிக்குப் போகும் காட்சி மலையில் இப்போது சாதாரணம். வெள்ளிமலையின் ஏகலைவா மாதிரி உறைவிடப் பள்ளியும், மலையில் உள்ள அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளும் தொலைதூரச் சிற்றூர்ப் பிள்ளைகளுக்குப் படிப்பைச் சாத்தியமாக்கியிருக்கின்றன. விடுதியில் சேரும் பிள்ளைக்கு ஏற்றமும் இறக்கமும் அன்றோடு நின்றுவிடுகின்றன. விடுதிக்கும் வகுப்பறைக்கும் நூறடி. மைதானமும் அதைத் திறந்துவிடும் ஆசிரியரும் இருந்தால் தப்பித்தது.

சரி, மலைப் பிள்ளைகள் ஒல்லியாகத்தானே இருக்கிறார்கள், அவர்களுக்கென்ன இதயக் கவலை?

புனேயின் மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் இந்தக் கேள்விக்குப் பிறந்த குழந்தைகளிடமே விடை கண்டார். புனே வட்டாரக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. இந்தியக் குழந்தைக்குத் தசை குறைவு, வயிற்று உறுப்புகள் சிறிது. ஆனால் தோலுக்கடியில் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. ஒல்லியாகத் தெரியும் உடலுக்குள் தசைக்குப் பதில் கொழுப்பு. இங்கிலாந்தின் டேவிட் பார்க்கர் ஏற்கெனவே, குறைந்த எடையோடு வாழ்க்கையைத் தொடங்கியவர்களே பின்னாளில் இதயநோயால் அதிகம் இறந்தார்கள் என்று பழைய பிறப்புப் பதிவேடுகளைக் கொண்டு காட்டியிருந்தார். வயிற்றில் இருந்தபோது பட்டினியைக் கண்ட உடல், பின்னால் ஐந்து ரூபாய் பாக்கெட் தீனியையும் அசையாத வாழ்க்கையையும் தாங்குவதில்லை.

நாடு தழுவிய முழுமையான தேசிய ஊட்டச்சத்து ஆய்வு 2016 முதல் 2018 வரை பிள்ளைகளின் ரத்தத்தையும் சேர்த்து எடுத்துப் பார்த்தது. 10 முதல் 19 வயது வரையிலானவர்களில் 24% பேர் உயரத்துக்கு ஏற்ற எடை இல்லாதவர்கள். அதிக எடை உள்ளவர்கள் 5% மட்டுமே. அப்படியிருந்தும் பத்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோயின் வாசற்படி, 16% பேருக்கு டிரைகிளிசரைடு கூடுதல், 5% பேருக்கு உயர் ரத்த அழுத்தம். அதிக எடைக்காரர்களை மட்டும் வடிகட்டி எடுத்துப் பரிசோதித்திருந்தால் இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் கண்ணிலிருந்து தப்பியிருப்பார்கள்.

மலையில் இன்னொரு திருடன் ரத்தத்துக்குள்ளேயே இருக்கிறான். ஒரு கிராம் ஹீமோகுளோபின் சுமப்பது 1.34 மில்லிலிட்டர் ஆக்சிஜன். ஹீமோகுளோபின் 12 இருக்கும் பெண்ணின் 100 மில்லி ரத்தம் 16 மில்லி ஆக்சிஜனைக் கொண்டுபோகும். 8 இருக்கும் பெண்ணுக்கு 11 மில்லிகூட இல்லை. மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. இதயம் என்ன செய்யும்? துடிப்பைக் கூட்டி ஈடுகட்டப் பார்க்கும். அந்தப் பெண் ஏற்றத்தில் பாதியில் உட்கார்ந்தால் சோம்பேறி என்று திட்டுவார்கள். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு, 53% பேருக்கு, ரத்தசோகை. வெறுங்காலோடு திரியும் இடங்களில் கொக்கிப்புழுவும் குடலில் உட்கார்ந்து ரத்தத்தை உறிஞ்சும். பள்ளியில் வாராவாரம் கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையும், பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் கொடுக்கும் குடற்புழு மாத்திரையும் இதயத்துக்கான மருந்துகள் என்று சொன்னால் மிகையில்லை. வயிற்றைப் பிரட்டுகிறது என்று மாத்திரையைப் பெஞ்சுக்கடியில் போடும் பழக்கம் எல்லாப் பள்ளியிலும் உண்டு. சாப்பாட்டுக்குப் பிறகு விழுங்கினால் பிரட்டல் குறையும். சாப்பிட்ட கையோடு டீ குடிக்காமல் இருந்தால் இரும்பு ரத்தத்தில் சேரும்.

2022-இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தின் முதல் கட்டத்திலேயே மலைப்பகுதிப் பள்ளிகளையும் சேர்த்தார்கள். இருட்டோடு புறப்பட்டு மலை இறங்கி வரும் பிள்ளைக்குப் பசியோடு ஓட முடியாது என்பது தெரிந்தவர்கள் எடுத்த முடிவு அது.

பெண்பிள்ளைகளின் கதை பதின்மூன்று வயதில் தனியாகப் பிரிகிறது. பருவமடையும்போது உடலில் கொழுப்பின் பங்கு கூடுவதும் மாதவிடாயில் இரும்பு இழப்பதும் இயற்கை. அதனால் ஆக்சிஜன் எண் சற்று இறங்கத்தான் செய்யும். ஆனால் வயசுக்கு வந்த பிள்ளைக்கு மைதானத்தில் என்ன வேலை என்று நாம் கேட்பது இயற்கை இல்லை. மலைப் பெண்ணுக்கு அப்போதும் விறகும் தண்ணீரும் மிச்சமிருக்கும். நகரப் பெண்ணுக்கு அதுவும் இல்லை. பள்ளியை விட்டு நிறுத்தி, சீக்கிரம் மணமுடித்து, ரத்தசோகையோடு பிள்ளை பெற்றால், அந்தக் குழந்தை குறைந்த எடையில் பிறக்கும். பார்க்கரும் யாஜ்னிக்கும் சொன்ன வட்டம் மறுபடி முதலிலிருந்து சுற்றத் தொடங்கும்.

ஓடும்போது மூச்சு வாங்குவதற்குப் பயிற்சிக் குறையும் ரத்தசோகையும் மட்டுமே காரணம் என்றும் எண்ணிவிடக் கூடாது. 5 முதல் 15 வயதுக்குள் வரும் ஒருவகைத் தொண்டைப் புண், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியால் வருவது. அதைக் கவனிக்காமல் விட்டால் சில வாரங்களில் சிலருக்குக் காய்ச்சலோடு மூட்டு மூட்டாக வலி தாவும். கிருமியை எதிர்க்க உருவான தற்காப்புப் படை, ஆள் தெரியாமல் இதய வால்வையும் தாக்கும். ருமாட்டிக் இதயநோய் என்று பெயர். வால்வு சுருங்கிய பிள்ளை ஏற்றத்தில் நின்று நின்று போகும். மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட்டு, மேலும் சேதமாகாமல் பல ஆண்டுகள் காக்கலாம். பிறந்ததிலிருந்து 18 வயது வரையிலான பிள்ளைகளைப் பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் தேடிவந்து பார்க்கும் ஆர்.பி.எஸ்.கே. (தேசியக் குழந்தைகள் நலத் திட்டம்) மருத்துவக் குழுவின் பட்டியலில் பிறவி இதயக் குறைபாடு, ருமாட்டிக் இதயநோய், கடும் ரத்தசோகை மூன்றும் இருக்கின்றன. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரியும் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. எந்தப் பிள்ளையை அனுப்புவது என்பதுதான் கேள்வி. ஓடவிட்டுப் பார்க்காத பள்ளிக்கு அது தெரியாது.

இனி சமவெளி. உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயது வரையிலானவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு அசைவு வேண்டும் என்கிறது. 146 நாடுகளின் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி 2019 கடைசியில் வெளியான கணக்கில், இதை எட்டாதவர்கள் 81%. இந்தியாவில் சுமார் 74%. நாம் பரவாயில்லை என்று மகிழ வேண்டிய எண் அல்ல, நால்வரில் மூவர். சென்னையில் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை நடத்திய ‘ஆரஞ்சு’ ஆய்வில், தனியார் பள்ளிகளில் ஐந்தில் ஒருவருக்கு மேல் அதிக எடை. அரசுப் பள்ளிகளில் 4%-க்கும் குறைவு. கட்டணம் கூடக் கூட வேனும் கேன்டீனும் கூடுகின்றன, நடை குறைகிறது.

இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 1990-களில் பிறந்த பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்துவரும் ஆய்வில், ஆண்ட்ரூ அக்பாஜே என்ற ஆய்வாளர் அவர்கள் உட்கார்ந்திருந்த நேரத்தைக் கருவிகட்டி அளந்த பதிவுகளை ஆராய்ந்தார். 11 வயதில் நாளொன்றுக்கு ஆறு மணி நேரம். 15 வயதில் எட்டை நெருங்கியது. 24 வயதில் ஒன்பதை எட்டியது. உட்கார்ந்த நேரம் கூடியவர்களின் இடது கீழறைத் தசை கனத்துப்போயிருந்தது; எடையும் ரத்த அழுத்தமும் சரியாக இருந்தவர்களுக்கும் அப்படித்தான். ஓட்டக்காரரின் இதயம் அறை விரிந்து வளர்வது. இது வேறு வகை, சுமையால் வருவது.

நம் கையில் ஏற்கெனவே ஒரு நல்ல மருந்து இருக்கிறது, அதை யாரும் மருந்தாகப் பார்ப்பதில்லை. பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு அரசு கொடுக்கும் விலையில்லா மிதிவண்டி. டென்மார்க்கின் ஓடென்சே நகரில் 9, 15 வயதுப் பிள்ளைகளை அளந்தபோது, சைக்கிளில் பள்ளிக்குப் போனவர்கள் திறன் பட்டியலின் உச்சக் காற்பகுதியில் இருக்க வாய்ப்பு, நடந்தோ வண்டியிலோ வந்தவர்களைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு இருந்தது. சின்னசேலத்திலும் சங்கராபுரத்திலும் உளுந்தூர்பேட்டையிலும் நிலம் சைக்கிளுக்கென்றே செய்ததுபோலத் தட்டை. பதினாறு வயதில் வரும் சைக்கிள் பதினொன்றில் வந்தால் இன்னும் நல்லது. வந்த சைக்கிளை விற்றுவிடாமல் மிதித்தால் அதைவிட நல்லது. மலையில் மட்டும் இந்தத் திட்டம் கொஞ்சம் பரிதாபம். ஏற்றத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

பள்ளிக்குள் இருக்கும் வழி பி.டி. பீரியடு. அதைக் கணக்கு ஆசிரியரும் அறிவியல் ஆசிரியரும் கடன் வாங்குவது தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த கதை. விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்தபோது உதயநிதி ஸ்டாலினே பள்ளி விழா மேடையில், தயவுசெய்து அதை வாங்காதீர்கள் என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொண்டார். கொடுத்தாலும் அந்த நாற்பது நிமிடத்தில் பந்து கிடைத்த பத்துப் பேர் ஓட, மற்றவர்கள் வேப்பமர நிழலில் உட்காருவது வழக்கம். ஓட வேண்டியவர்கள் நிழலில் இருக்கும் அந்தப் பிள்ளைகள்தான்.

அவர்களைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். கனடாவின் மான்ட்ரியலைச் சேர்ந்த லூக் லெஜே 1980-களில் உருவாக்கிய ஓட்டச் சோதனை இன்று உலகெங்கும் பள்ளிகளில் நடக்கிறது. 20 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடுகள். ‘பீப்’ ஒலிக்கும்போது மறுகோட்டைத் தொட்டிருக்க வேண்டும். மணிக்கு 8.5 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கி, நிமிடத்துக்கு அரை கிலோமீட்டர் வேகம் கூடிக்கொண்டே போகும். எந்த நிமிடத்தில் பிள்ளை விட்டுவிடுகிறதோ அதிலிருந்து ஆக்சிஜன் எண்ணை ஓரளவு சரியாகக் கணித்துவிடலாம். 19 நாடுகளில் சுமார் 9,65,000 பிள்ளைகளின் முடிவுகளைத் தொகுத்து, 1981-க்கும் 2014-க்கும் இடையே அவர்களின் திறன் 7% அளவுக்குச் சரிந்ததைக் கண்டுபிடித்தது இந்த எளிய சோதனையை வைத்துத்தான். நம் நாட்டில் கேலோ இந்தியா பள்ளி மதிப்பீட்டில் 600 மீட்டர் ஓட்டம் இருக்கிறது. அதையாவது ஒழுங்காக ஓடவிட்டு நேரத்தைக் குறித்துவைத்தால் ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடலாம். ஓடும்போது நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லும் பிள்ளையையும், மயங்கி விழும் பிள்ளையையும் மட்டும் உடனே நிறுத்தி மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். அவர்களை மறுபடி ஓடச் சொல்லக் கூடாது.

உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் விடுதிக் காப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஜூனில் ஒருமுறை, ஜனவரியில் ஒருமுறை வகுப்பு முழுவதையும் ஓடவிடுங்கள்; பையன்களோடு பெண்களையும். யார் எத்தனையாவது நிமிடத்தில் நின்றார் என்று பெயருக்கு நேரே எழுதிவையுங்கள். கடைசியாக நின்ற பிள்ளைக்குப் பதக்கம் கொடுக்க ஆள் இருக்கிறார்கள். முதலில் நின்ற பத்துப் பேரின் பெயரை, அடுத்த முறை பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவின் கையில் கொடுத்து, ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள், நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். வெள்ளிமலையிலும் கள்ளக்குறிச்சியிலும் ஒரே வாரத்தில் இதைத் தொடங்கலாம். ஒரு பொட்டலம் சுண்ணாம்பும், ‘பீப்’ ஒலியைப் பதிவிறக்கிய ஒரு செல்போனும் இருந்தால் போதும்.